முப்பதாவது மாடிக்கு மாசாமாசம் யார் காசு கட்டுறது?

இது எபிசோடோட எழுத்து வடிவம். பேச்சுல வர்ற "அதாவது", "என்னன்னா" எல்லாத்தையும் குறைச்சு, படிக்க வசதியா கொஞ்சம் சீர் பண்ணியிருக்கோம்.

இன்னைக்குப் பேசப்போறது உயரமான கட்டடங்களைப் பத்தி. பேசுற நான் வேதாரண்யத்துக்காரன். எங்க ஊர்ல கோயில் கோபுரம், செல்போன் டவர், கோடியக்கரை லைட்ஹவுஸ், இதை விட்டா அண்ணாந்து பார்க்க ஒண்ணும் கிடையாது. மூணு மாடி கட்டினாலே பெரிய வீடுதான். ஆனா என்னோட படிச்சவங்கள்ல நிறைய பேர் இப்ப சென்னையில இருக்காங்க. ஓ.எம்.ஆர்ல வேலை, அந்தப் பக்கமே வாடகை, அடுத்ததா ஒரு ஃப்ளாட். அந்த ஃப்ளாட் 18-வது மாடியிலயோ 25-வது மாடியிலயோ இருக்கு. ஊர்ல அப்பா நிலத்தை வித்து அட்வான்ஸ் கட்டுறாரு, மீதிக்கு 20 வருஷம் இ.எம்.ஐ. அதனால ஸ்கைஸ்கிரேப்பர் பத்தின பேச்சு நமக்கு ஏதோ துபாய் சமாச்சாரம் கிடையாது. நம்ம வீட்டுக் காசு அதுல இருக்கு.

இந்த விஷயத்துல எப்பவும் ஒரே சண்டைதான் நடக்கும்: உயரமா கட்டலாமா, கூடாதா? எனக்கு அதைவிட முக்கியமாப் படுற கேள்வி, கட்டினதை 50 வருஷம் யார் ஓட்டுறது? சாஃப்ட்வேர்ல இருக்கிறவங்களுக்கு இது சட்டுனு புரியும். லான்ச் ஒரு நாள்தான். புரொடக்‌ஷன் சப்போர்ட் வருஷக்கணக்குல. 30 மாடி டவரும் அப்படித்தான். அது பார்க்கத்தான் கட்டடம். உள்ள 24 மணி நேரமும் ஓடுற ஒரு மெஷின்.

உயரம் நமக்குப் புதுசு இல்ல

சென்னை மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடம் 1959-ல திறந்தாங்க. உயரம் 177 அடி. அப்போ இந்தியாவிலேயே உயரமான கட்டடம் அதுதான்னு பேர். பழைய படங்கள்ல ஹீரோ சென்னைக்கு வந்து இறங்கினதும் அதைக் காட்டுவாங்க. ஆனா நம்ம தஞ்சாவூர் பெரிய கோயில் விமானம் 200 அடிக்கு மேல. 1010-ல முடிஞ்ச வேலை. டெல்டாக்காரங்களுக்கு உயரத்தைப் பத்தி யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

வித்தியாசம் என்னன்னா, விமானத்துக்குள்ள யாரும் குடியிருக்கல. மேல தண்ணி ஏத்த வேண்டாம், லிஃப்ட் வேண்டாம், கழிவுநீர் கீழ இறங்க வேண்டாம். கல்லு மேல கல்லு, அவ்வளவுதான். அதையும் கட்டிட்டு அப்படியே விட்டுடல. கோயில்னா 12 வருஷத்துக்கு ஒரு தடவை திருப்பணி செஞ்சு குடமுழுக்கு பண்ணணும்கிறது வழக்கம். பெரிய கோயிலுக்கு 1997-க்கு அப்புறம் 2020-லதான் நடந்துச்சு, தள்ளிப்போச்சு. இருந்தாலும் "இத்தனை வருஷத்துக்கு ஒருமுறை பழுது பார்க்கணும்"னு ஒரு கணக்கு ஊருக்கே தெரியும். நாம இப்ப கட்டுற டவர்களுக்கு அந்தக் கணக்கு இருக்கா? இதை மனசுல வச்சுக்கங்க.

சென்னை ஏன் மேல போகுது?

இங்க ஒரு வார்த்தை புரிஞ்சா போதும்: எஃப்.எஸ்.ஐ. மனையோட பரப்பளவுக்கு எத்தனை மடங்கு கட்டடம் கட்டலாம்கிற கணக்கு. ஒரு கிரவுண்டு, அதாவது 2,400 சதுர அடி மனை, எஃப்.எஸ்.ஐ. 2-ன்னா மொத்தம் 4,800 சதுர அடி கட்டலாம்.

தமிழ்நாட்டுல 2019-ல ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்துச்சு. அதுல 18.30 மீட்டர் வரைக்கும் சாதாரணக் கட்டடம், அதுக்கு மேல போனா உயர்மாடிக் கட்டடம். சாதாரணக் கட்டடத்துக்கு எஃப்.எஸ்.ஐ. 2. உயர்மாடிக்கு, ரோடு அகலத்தைப் பொறுத்து 3.25 வரைக்கும். அரசுக்குக் கூடுதலா பிரீமியம் கட்டினா, அகலமான ரோட்டுல சுமார் 4.87 வரை போகலாம். பில்டர் பக்கத்துல இருந்து யோசிங்க. அதே நிலம், ரெண்டு மடங்குக்கு மேல ஃப்ளாட். மேல போகாம இருப்பாரா?

இதுல எல்லாரும் குழப்பிக்கிற ஒரு விஷயம் இருக்கு. உயரமும் நெருக்கமும் ஒண்ணு இல்ல. எஃப்.எஸ்.ஐ. 2-ஐ வச்சு மனையில பாதியை அடைச்சு நாலு மாடி கட்டலாம். அதே 2-ஐ வச்சு மனையில பத்துல ஒரு பங்கு இடத்துல 20 மாடி கட்டி, மீதியில மரம் வைக்கலாம். ரெண்டுலயும் குடியிருக்கிற ஆளுங்க எண்ணிக்கை ஒண்ணுதான். திருவல்லிக்கேணி சந்துகள்ல பெரிய உயரம் இல்ல, ஆனா நெருக்கம் எப்படின்னு உங்களுக்கே தெரியும். அதனால தெருவுக்குச் சுமை எவ்வளவுன்னு சொல்றது எஃப்.எஸ்.ஐ.தான். மாடி எண்ணிக்கையை மட்டும் வச்சு அதைச் சொல்ல முடியாது.

உயரத்துக்கு ஆதரவா ஒரு நியாயமான வாதமும் இருக்கு. சென்னைப் பெருநகர எல்லை 1,189 சதுர கிலோமீட்டரா இருந்துச்சு. 2022-ல அதை 5,904 சதுர கிலோமீட்டரா விரிவாக்க ஆணை போட்டாங்க. நகரம் படுத்துக்கிட்டே வளர்ந்தா செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரியும் வயலும்தான் பிளாட் ஆகும். வயலுக்கு நடுவுல கலர் கல்லு நட்டு "வீட்டு மனை விற்பனைக்கு"ன்னு போர்டு வச்சா எப்படி இருக்கும்னு டெல்டாக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல. அந்த வகையில நான் உயரத்துக்கு எதிரி இல்ல.

விழுந்துடுமா?

அம்மா, அப்பா முதல்ல கேக்குறது இதைத்தான். "கஜா மாதிரி புயல் வந்தா என்னடா ஆகும்?" நியாயமான கேள்விதான். 2018 நவம்பர் 16 விடியக்காலையில கஜா கரையைக் கடந்தது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல. தென்னந்தோப்பு மொத்தமா சாய்ஞ்சதைப் பார்த்தவங்க அவங்க.

காத்தோட கணக்கு இதுதான்: வேகம் ரெண்டு மடங்கானா தள்ளுற விசை நாலு மடங்காகும். அதோட, தரையை விட்டு மேல போகப் போக காத்து வேகமும் கூடும். அதனால உயரமான கட்டடத்துல எடையைத் தாங்குறதைவிட, பக்கவாட்டுல வர்ற காத்தைத் தாங்குறதுதான் பெரிய டிசைன் வேலை. லிஃப்ட் குழியைச் சுத்தி கனமான கான்கிரீட் சுவர் வைப்பாங்க இல்லையா, அதுதான் டவரோட முதுகெலும்பு. இந்தியத் தரநிலைப்படி சென்னைக்கான அடிப்படைக் காத்து வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர். அதை வச்சு ஒழுங்கா டிசைன் பண்ணின கட்டடம் நிக்கும். புயல்ல கண்ணாடி உடையலாம், கரண்ட் போகலாம், லிஃப்ட் நிக்கலாம். அது வேற பிரச்னை, அதுக்கு அப்புறம் வரேன்.

ஆனா "ஒழுங்கா"ங்கிற வார்த்தைக்கு விலை இருக்கு. 2014 ஜூன் 28, போரூர் பக்கத்துல மவுலிவாக்கம். கட்டிக்கிட்டிருந்த 11 மாடிக் கட்டடம் அப்படியே உக்காந்துருச்சு. 61 பேர் செத்துப்போனாங்க, பெரும்பாலும் வேலைக்கு வந்த கட்டடத் தொழிலாளர்கள். பக்கத்துலயே நின்ன இன்னொரு 11 மாடி டவரை 2016 நவம்பர்ல வெடி வச்சு இடிச்சாங்க. 11 மாடிங்கிறது இன்னைக்குக் கணக்குல ஒரு உயரமே இல்ல. உயரம் குறைவா இருந்ததால அது தப்பிக்கல.

சென்னையில மண்ணு இடத்துக்கு இடம் மாறும். கிண்டி பக்கம் கொஞ்சம் தோண்டினாலே பாறை. கடலோரம் மணல். ஏரி, சதுப்பு இருந்த இடத்துல களி. பாறை கிடைக்கிற வரைக்கும் பைல் இறக்கணுமா, எவ்வளவு ஆழம், இதெல்லாம் மண் பரிசோதனை சொல்லணும். பிரோஷர்ல ஸ்விம்மிங் பூல் படம் இருக்கும், மண் ரிப்போர்ட் இருக்காது. கேட்டு வாங்கணும்.

தண்ணி மேல ஏறுற கதை

இப்ப மெஷினுக்கு வருவோம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்கிறது நகரத் திட்டமிடல்ல வச்சிருக்கிற அளவு. நாலு பேர் வீடுன்னா 540 லிட்டர். 300 வீடு இருக்கிற டவருக்கு ஒரு நாளைக்கு 1,62,000 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில கொண்டு வந்தா தினமும் 13, 14 லாரி. ஒரே ஒரு டவருக்கு!

மேல ஏத்துறதுக்கு ஆகுற கரண்ட் நீங்க நினைக்கிற அளவுக்கு இல்ல. 1,000 லிட்டரை 100 மீட்டர் உயரத்துக்கு ஏத்த, பம்புல வீணாகுறதையும் சேர்த்து அரை யூனிட்கிட்டதான் ஆகும். கஷ்டம் அழுத்தத்துல இருக்கு. ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு சதுர சென்டிமீட்டர்ல ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம் கூடும். மொட்டை மாடி டேங்க்ல இருந்து நேரா 90 மீட்டர் கீழ குழாயை இறக்கினா, முதல் மாடி குழாய்ல 9 கிலோ அழுத்தம். வாஷர் பிச்சுக்கிட்டுப் போகும். அதனால நடுநடுவுல டேங்க், அழுத்தத்தைக் குறைக்கிற வால்வு, தனித்தனி பம்ப்னு ஒரு முழு ஏற்பாடு வேணும். ஒவ்வொண்ணும் ஒரு நாள் பழுதாகும்.

இதெல்லாம் தண்ணி இருந்தாத்தான். ஓ.எம்.ஆர்ல பெரிய பெரிய குடியிருப்புகள் பல வருஷமா லாரித் தண்ணியை நம்பித்தான் ஓடுது. 2019 கோடையில சென்னைக்குத் தண்ணி தர்ற ஏரிகள் வறண்டப்போ, சில ஐ.டி. கம்பெனிகள் "வீட்ல இருந்தே வேலை பாருங்க"ன்னு சொல்லிடுச்சு. வீட்ல மட்டும் தண்ணி எங்க இருந்துச்சு?

அதே ஊரு 2015 டிசம்பர்லயும் 2023 டிசம்பர்லயும் வெள்ளத்துல நின்னுச்சு. ஒரு சாதாரண டவரை நினைச்சுப் பாருங்க. கீழ்த்தளத்துல பம்ப் ரூம், மின் பேனல், ஜெனரேட்டர். அங்க தண்ணி புகுந்தா 25-வது மாடியில இருக்கிறவங்க நனையவே மாட்டாங்க, ஆனா குடிக்கத் தண்ணி இருக்காது, லிஃப்ட் இருக்காது. கஜாவுக்கு அப்புறம் எங்க பக்கமும் கரண்ட் இல்லாம, ஜெனரேட்டர் வாடகைக்கு எடுத்து டேங்க் ஏத்தினோம். ஆனா தரையில இருக்கிற வீட்டுக்குக் குடத்தைத் தூக்கிட்டுப் போகலாம். 25 மாடி படியேறிக் குடம் தூக்க முடியுமா? வீட்ல முட்டி வலிக்காரங்க, ஆறு மாசக் குழந்தை இருந்தா? மேல குடியிருக்கிறவங்களுக்கு கரண்டும் பம்பும் சேர்ந்ததுதான் வீடு. அதனால அந்த ரெண்டையும் வெள்ள மட்டத்துக்கு மேல வைக்கணும்னு கேக்குறது அலங்காரக் கோரிக்கை இல்ல.

உப்பு என்ன செய்யும்?

இது எங்க ஊர் சப்ஜெக்ட். வேதாரண்யத்துல உப்பளம் இருக்கு, கடல் இருக்கு. புது இரும்பு கேட் போட்டா ரெண்டு மழைக்குள்ள துரு பிடிக்க ஆரம்பிக்கும். உப்புக்காத்து இரும்பைத் தின்னும்னு சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கான்கிரீட்டுக்குள்ள இருக்கிறதும் இரும்புக் கம்பிதான். கான்கிரீட் நல்லா இருக்கிற வரைக்கும் கம்பிக்குப் பாதுகாப்பு. விரிசல் வழியா உப்பும் ஈரமும் உள்ள போனா கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடம் எடுத்துக்கும். உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளக்கும். பிளந்தா இன்னும் உப்பு, இன்னும் துரு.

அமெரிக்காவுல மயாமி பக்கம் சர்ஃப்சைடுன்னு ஒரு கடலோர ஊர். 1981-ல கட்டின 12 மாடி அபார்ட்மென்ட். 2021 ஜூன் 24 நள்ளிரவுக்கு அப்புறம் பாதிக் கட்டடம் இடிஞ்சு விழுந்து 98 பேர் செத்துப்போனாங்க. ஆரம்ப டிசைன்லயே குறை இருந்துச்சு. ஆனா 2018-லயே ஒரு பொறியாளர், ஸ்விம்மிங் பூல் தளத்துக்குக் கீழ கான்கிரீட் மோசமா இருக்குன்னு எழுதிக் கொடுத்திருந்தாரு. செலவு பல கோடி. ஃப்ளாட் ஓனருங்க கூட்டம் போட்டாங்க, வாக்குவாதம் பண்ணினாங்க, நாள் ஓடிப்போச்சு. நம்ம அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்பை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. அங்க இருந்த மனுஷங்களும் நம்மள மாதிரிதான்.

லண்டன் கிரென்ஃபெல் டவரும் அதே பாடம். 24 மாடி, 1974-ல கட்டினது. 2016-ல புதுப்பிக்கும்போது வெளிச்சுவர்ல எளிதா தீப்பிடிக்கிற பேனலை ஒட்டினாங்க. 2017-ல தீ, 72 பேர் பலி. கட்டினப்போ இல்லாத ஆபத்து, பராமரிப்புன்னு பேர் சொல்லி உள்ள வந்துச்சு.

பில் யாருக்கு வருது?

கொஞ்சம் கணக்குப் போடுவோம். 28 வயசுல ஃப்ளாட் வாங்குறீங்க. ரெரா சட்டப்படி, கட்டமைப்புல குறை வந்தா பில்டர் 5 வருஷம் வரைக்கும் பொறுப்பு. இ.எம்.ஐ. முடியுறப்போ உங்களுக்கு 48, கட்டடத்துக்கு 20. லிஃப்டை மாத்த வேண்டிய வயசும் ஏறக்குறைய அதுதான். பைப், பம்ப், கழிவுநீர் சுத்திகரிப்பு மெஷின், வெளிப்பூச்சு எல்லாம் அதே சமயத்துல வரிசையில நிக்கும். அப்போ கார்ப்பஸ் ஃபண்டுல காசு இருக்குமா? முதல் 10 வருஷம் "மெயின்டனன்ஸ் ஏத்தக்கூடாது"ன்னு சண்டை போட்டு ஜெயிச்சவங்கதான் 20-வது வருஷம் மொத்தமாக் கட்டணும்.

அடுத்து யு.டி.எஸ்., அதாவது நிலத்துல உங்க பங்கு. 1,200 சதுர அடி ஃப்ளாட்டுக்கு எஃப்.எஸ்.ஐ. 2-ன்னா சுமார் 600 சதுர அடி நிலம் உங்க பேர்ல. 3.25-ன்னா 370. 4.87-ன்னா 250-க்கும் கீழ. ஃப்ளாட் ரேட் குறையாது, நிலப் பங்கு குறையும். கட்டடம் வயசாகி இடிச்சுக் கட்டணும்னா அந்தப் பங்குதான் உங்க சொத்து. தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் 2022-படி, மூணுல ரெண்டு பங்கு ஓனருங்க ஒத்துக்கிட்டா மறுகட்டுமானம் செய்யலாம். நாலு மாடியில 16 வீடு, எல்லாரையும் தெரியும். 300 வீட்ல 200 பேரை ஒரு முடிவுக்குக் கொண்டு வர்றது யாரு?

இது காசு இருக்கிறவங்க நிலைமை. பெரும்பாக்கத்துல அரசு கட்டின 8 மாடி பிளாக்குகளைப் பாருங்க. ஆத்தோரத்துல குடிசை போட்டிருந்தவங்களை எடுத்து, ஊருக்கு வெளிய அங்க கொண்டுபோய் வச்சாங்க. தினக்கூலி வாங்குற குடும்பத்துக்கு லிஃப்ட்டும் மோட்டாரும் மாசச் செலவு. பராமரிப்புக்குக் குடியிருப்போர் தர்ற காசுக்கு ஈடா அரசும் தர்ற மாதிரி ஒரு ஏற்பாடு பின்னாடிதான் வந்துச்சு. உயரத்தை முதல்ல கொடுத்துட்டு, ஓட்டுற செலவை அப்புறம் யோசிச்சதுக்கு இதைவிட நல்ல உதாரணம் இல்ல.

வேற மாதிரி செய்ய முடியுமா?

முடியும். சிங்கப்பூர்ல நம்ம டெல்டாக்காரங்க நிறைய பேர் இருக்காங்க, அவங்ககிட்டயே கேளுங்க. மக்கள்ல 80 சதவீதம் அளவுக்கு அரசு கட்டின ஹெச்.டி.பி. அடுக்குமாடிகள்லதான் இருக்காங்க. பினாக்கிள் அட் டக்ஸ்டன் 50 மாடி, அதுவும் அரசுக் குடியிருப்புதான். அங்க டவுன் கவுன்சில்னு ஒரு அமைப்பு மாசாமாசம் கட்டணம் வாங்கும். அதுல ஒரு பங்கை எதிர்காலப் பெரிய செலவுக்குன்னு தனியா ஒதுக்கியே ஆகணும், அது சட்டம். லிஃப்ட் மாத்துற காசு 20 வருஷமா சேர்ந்துக்கிட்டே இருக்கும். ஃபுளோரிடாவும் சர்ஃப்சைடு இடிஞ்சதுக்கு அப்புறம், 2022-ல சட்டம் போட்டுச்சு: மூணு மாடியோ அதுக்கு மேலயோ இருக்கிற அபார்ட்மென்ட்டுக்கு 30 வயசானா கட்டாயக் கட்டமைப்புப் பரிசோதனை, பழுதுக்கான ஒதுக்கீட்டையும் கைவிட முடியாது. அங்க 98 உயிர் போனப்புறம் வந்த சட்டத்தை நாம முன்னாடியே கொண்டு வரலாமே.

சென்னைக்கு மூணாவது மாஸ்டர் பிளான் வேலை நடக்குது. மெட்ரோ பக்கத்துல உயரம் கூட்டலாம்னு பேசுறாங்க, நல்லது. அதோட சேர்த்து ஒரு நிபந்தனை: எத்தனை மாடின்னு அனுமதி கொடுக்கிற அதே காகிதத்துல, தண்ணி எங்க இருந்து, கழிவுநீர் எங்க போகும், 20-வது வருஷத்துக்குக் காசு எங்கன்னும் எழுதி இருக்கணும். பிரீமியம் எஃப்.எஸ்.ஐ.-க்குன்னு வாங்குற பணமும் அந்த ஏரியாவோட குழாய்க்கும் வடிகாலுக்கும் போகணும்.

ஃப்ளாட் பார்க்கப் போறவங்களுக்கு

மாடல் ஹவுஸ் சோபாவுல உக்காந்து ஜூஸ் குடிக்கிறதுக்கு முன்னாடி இந்த ஆறையும் கேளுங்க.

1. யு.டி.எஸ். எத்தனை சதுர அடி? பத்திரத்துல அந்த எண் இருக்கா?
2. தினமும் எத்தனை லிட்டர் தண்ணி வேணும்? அதுல குழாய்த் தண்ணி எவ்வளவு, லாரி எவ்வளவு?
3. பம்ப், மின் பேனல், ஜெனரேட்டர் எந்தத் தளத்துல? 2015 வெள்ளத்துல அந்தத் தெருவுல தண்ணி எவ்வளவு உயரம் நின்னுச்சு? இதை வாட்ச்மேன்கிட்டயும் எதிர்த்த டீக்கடையிலயும் கேளுங்க.
4. மண் பரிசோதனை ரிப்போர்ட், கட்டமைப்பு டிசைன் சான்று காட்டுவாங்களா? நிறைவுச் சான்றிதழ் வாங்கியாச்சா?
5. ரெண்டு படிக்கட்டும் திறந்து இருக்கா? தீயணைப்பு பம்பைக் கடைசியா எப்ப ஓட்டிப் பார்த்தாங்க?
6. கார்ப்பஸ் ஃபண்ட் எவ்வளவு, யார் கணக்குல இருக்கு, லிஃப்ட் மாத்த எவ்வளவு ஒதுக்கி இருக்காங்க?

ஆறாவது கேள்விக்குத்தான் பெரும்பாலும் பதில் வராது. "அதெல்லாம் அசோசியேஷன் பார்த்துக்கும் சார்"னு சொல்வாங்க. அசோசியேஷன்னா யாரு? வாங்கினதுக்கு அப்புறம் நீங்கதான். ஏற்கனவே குடியிருக்கிறவங்க, அடுத்த பொதுக்குழுவுல ஒரு கட்டமைப்பு ஆடிட்டுக்கும் ஒதுக்கீட்டுக்கும் தீர்மானம் கொண்டு வாங்க. நாலு பேர் திட்டுவாங்க, பரவாயில்ல.

உங்க குடியிருப்புல கார்ப்பஸ் ஃபண்ட் கணக்கு ஒழுங்கா இருந்தா, எப்படிச் சாதிச்சீங்கன்னு எழுதி அனுப்புங்க, பேர் சொல்லாம அடுத்த எபிசோட்ல படிக்கிறேன். ஊர்ல நிலத்தை வித்து அட்வான்ஸ் கட்டப்போற ஃப்ரெண்ட் யாராவது இருந்தா, கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி இதை அவங்களுக்கு ஃபார்வர்டு பண்ணுங்க.